எந்தக் கர எடுக்கணும், பாகி?

என் பாகிக்கு, கழுத்துல எப்பவும் இஞ்ச் டேப் தொங்கப்போட்டுத் திரியுற என் பகவதிக்கு,

நலமான்னு கேக்க வழியில்ல. நான் நலம்னு எழுதவும் கை வரல்ல. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். நீ வச்ச கரையப் பிரிச்சு எடுக்கச் சொல்லியிருக்காங்க. பிரிக்க வேண்டிய ஆள் நான்தானாம்.

எதுன்னு உனக்குத் தெரியும். அபி கல்யாணத்துக்குத் தாலித் தட்ட மூடுறதுக்குன்னு நீ தைச்ச சிவப்புப் பட்டு, நாலு பக்கமும் தங்க லேசு வச்சது. என் தங்கச்சி உன்கிட்ட வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். "மைனி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். தட்டு மூடுற துணிய மட்டும் நீங்க தைக்கணும், கடையில வாங்கப்பிடாது"ன்னு உன் மெஷின் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து கேட்டா. நீ உடனே, "செரி, ஆனா கல்யாணம் முடிஞ்சதும் அத டிவி மேல போடப்பிடாது, கேட்டியா?"ன்னே. அம்மா தன்னோட கூறைச்சேலையில முந்திப் பக்கத்துலேருந்து பட்டு வெட்டித் தந்தா. அதே அம்மாதான் இப்ப பிரிக்கச் சொல்றா.

போன ஞாயித்துக்கிழமை கரமனையிலேருந்து அம்மாவும் அபியும் வந்தாங்க. அம்மா வழக்கம்போல மீன்குழம்பு கொண்டுவந்தா. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டிருந்தா. அப்புறம் ஆரம்பிச்சா.

"மக்கா, ஒரு காரியம். அந்தத் தட்டுத் துணி இங்கதானே இருக்கு? அதுல உள்ள லேச மட்டும் எடுத்துத் தந்திரு. நான் கடையில குடுத்து வேற வச்சுக்கிடுதேன்."

"என்னத்துக்கு?"

"நல்ல காரியம்லா. போனவளுக்க கைபட்ட நூலு தாலிக்கு மேல கிடக்கப்பிடாது. மாப்ள வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"அப்ப துணியவே விட்டுருங்க. வேற துணி வாங்கிக்கலாம்."

"நல்லா இருக்கே! அது எனக்க கூறைச்சேலைலே. முதல்தரப் பட்டு. அத எதுக்குப் பாழாக்கணும்?"

பாத்தியா பாகி? பட்டு வேணும். நூலுதான் ஆவாது.

நான் கேட்டேன். "அம்மா, தட்ட யாரு தூக்கிட்டு வரணும் மேடைக்கு?"

"நீதான். பொண்ணுக்க அண்ணன் வேற எவன் இருக்கான்?"

"நான் அவளுக்கப் புருஷன்லா. எனக்குத் தோஷம் இல்லியா?"

"ஆம்பிளைக்கு என்னடா தோஷம்?"

அவ்வளவுதான். செத்தது நீ, தோஷமும் உனக்கேதான். என் சட்டையில ஒரு பட்டன்கூட மாறல்ல. வருஷம் ஒண்ணு கழியட்டும், அப்புறம் பாக்கலாம்னு நாகர்கோவில்ல யாரோ ஒரு பொண்ணப் பத்தி அம்மா ஃபோன்ல மெதுவாப் பேசுறதும் என் காதுல விழத்தான் செய்யுது. எனக்குக் கோவம்கூட வரல்ல. நான் பழுது பாக்கிற லிஃப்டுல பவர் போனா லைட்டு மங்கலா ஒண்ணு எரியுமே, ஆளுக்கு ஆள் முகம் தெரியுற அளவுக்கு மட்டும். அப்படித்தான் ஓடிட்டிருக்கேன்.

ஆனா ஒண்ண மட்டும் மறக்க முடியல்ல. உன்னக் கொண்டுபோன அன்னிக்கு இதே அம்மாதான் எல்லாப் பொம்பளைங்களயும் வரிசையா வரச்சொன்னா. "மஞ்ச குங்குமத்தோட போறா, புண்ணியவதி"ன்னு சொல்லி, உன் நெத்திக் குங்குமத்தத் தொட்டுத் தன் தாலியில வச்சுக்கிட்டா. நான் கண்ணால பாத்தேன். அன்னிக்கு உன் நெத்தி ஒரு தாலிய வாழவைக்கிற நெத்தி. இன்னிக்கு உன் நூலு இன்னொரு தாலியக் கெடுக்கிற நூலு. நடுவுல உனக்கு என்ன ஆச்சு? நீ போன இடத்துலேயே தானே இருக்கே?

இதெல்லாம் பேசினப்ப அபி அங்கேயேதான் இருந்தா. ஒரு வார்த்த பேசல்ல. ஃபோன நோண்டிக்கிட்டே இருந்தா. லேசு வாங்க உன் பின்னாடியே ஆரியசாலை கடைத்தெரு முழுக்க நடந்தவ அவ. அம்மாவ விட அவமேலதான் எனக்கு அன்னிக்குக் கசப்பு அதிகம். போறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே, "அண்ணா, வரட்டா"ன்னா. நான் தலைய மட்டும் ஆட்டினேன்.

அந்தத் துணிய எடுத்து விரிக்கவே எனக்கு நாளாச்சு. ஏன்னு உனக்குச் சொல்ல வேண்டாம். இத அச்சுக்குக் குடுக்கப் போறேன், நாலு பேர் படிப்பாங்க, அதனால அவங்களுக்காகச் சொல்றேன். மழையில நம்ம தெருவுல ஓடை நிரம்பி வெள்ளம் வீட்டுக்குள்ள ஏறினப்ப, நீ முட்டளவு அழுக்குத் தண்ணியில நின்னு, தைக்க வந்த துணிப் பைகள ஒண்ணொண்ணா மாடிக்கு ஷீலச் சேச்சி வீட்டுக்குக் கொண்டுபோனே. நான் வேலையில இருந்தேன். நான் வந்து பாத்தப்ப வீட்டுல நம்ம பாய்கூட நனைஞ்சு கிடந்துச்சு, அடுத்தவங்க துணி ஒண்ணும் நனையல்ல. நனைஞ்சது ஒண்ணே ஒண்ணு. மெஷின் மேலேயே இருந்த இந்தச் சிவப்புப் பட்டு, அதுலயும் ஒரே ஒரு மூலை. கீழ தொங்கியிருக்கும் போல. காஞ்சப்ப அந்த மூலையில மண் நிறத்துல ஒரு கோடு விழுந்துருந்துச்சு.

லேசு மூணு பக்கம் முடிஞ்சிருந்துச்சு அப்ப. காய்ச்சல் ஆரம்பிச்ச அன்னிக்கு, உடம்பு வலிக்குதுன்னு சொல்லிட்டே நாலாவது பக்கத்தையும் ஓட்டினே. "படுத்துக்கோ"ன்னேன். "கறைய அப்புறம் பாக்கலாம், கரைய முடிச்சிடறேன் இஞ்சினியரே"ன்னே. எலிக்காய்ச்சல்னு டாக்டர் சொன்னப்ப உன் கண்ணு மஞ்சளா இருந்துச்சு. அப்புறம் எல்லாம் ரொம்ப வேகம். கறைய நீ பாக்கவே இல்ல.

இந்தத் துணிக்காகத்தான் உன் உயிர் போச்சுன்னு நான் சொல்ல வரல்ல. அது கணக்குக்கு நிக்காது. ஆனா அந்தத் தண்ணியில இறங்கினது உன் கால். இந்தக் கல்யாணத்துக்கு உன் நூலு ஆவாதுன்னு சொல்றது என்ன நியாயம்?

அம்மா அப்புறம், புது லேசயும் என்னையே வாங்கிக் கடையில குடுத்துத் தைக்கச் சொல்லிட்டா. வேலை முடிஞ்சு தம்பானூர்லேருந்து நடந்தே ஆரியசாலைக்குப் போனேன். அதே கடை, அதே அண்ணாச்சி. உன்னத் தங்கச்சின்னு கூப்பிடுற அவருக்கு நீ போன விஷயம் தெரியாது.

"வாங்க மாப்ளே. என்ன தனியா? தங்கச்சி வரலியா?"

"இல்ல."

"வராதது நல்லதுதான். வந்தா எனக்க கடையில உள்ள லேச எல்லாம் எச்சி தொட்டு நனைச்சுப் பாத்துரும். சாயம் போவுமா அண்ணாச்சி, சுருங்குமா அண்ணாச்சின்னு. ஒரு நாளு நான் கேட்டே போட்டேன், ஏம்மா, மாப்ளையையும் இப்படி நனைச்சுப் பாத்துத்தான் கட்டினியான்னு."

"என்ன சொன்னா?"

"அதுதான் அண்ணாச்சி பாக்காம எடுத்த ஒரே சரக்குன்னுச்சு." சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. கடையில வேலை பாக்கிறவங்களும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் பாகி. முகம் தன்னால அத செஞ்சுது.

லேச அளந்து மடிச்சவரு, அதே நிறத்துல ஒரு நூல்கண்டும் உள்ள போட்டாரு. "இது தங்கச்சிக்கு எனக்க வகை, காசு வேண்டாம். அடுத்த தடவ கூட்டிட்டு வாங்க."

சரின்னேன். பொட்டலத்த வாங்கிட்டு இறங்கினேன்.

நேத்து மத்தியானம், நல்ல வெளிச்சத்துல, ஜன்னல் பக்கத்துல உன் மெஷின்லேயே உக்காந்தேன். நான் அரம் வச்சு ராவித் தந்த அக்ரிலிக் தடுப்பு இன்னும் அங்கதான் இருக்கு. லேசு ஓரத்துலேருந்து விலகாம நேரா ஓடறதுக்கு லிஃப்டு பேனல் மிச்சத்துல செஞ்சது. "நேர்ப் பாதைக்கு உங்க வேலி, மூலைக்கு எனக்க விரல்"னு சொல்லி மூலை வர்றப்ப மட்டும் அதக் கழத்திவைப்பே. இப்ப அது கழத்தித்தான் இருக்கும்னு நினைச்சேன். இல்ல, மாட்டியே இருக்கு. கடைசியா ஓட்டினது நேர்ப் பக்கம்தானே.

பிரிக்கிற சின்னக் கொக்கிய எடுத்தேன். எங்க ஆரம்பிக்கணும்? ஒரு லேசுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்ற இடம் ஒண்ணு இருக்கணும். அங்க குத்தினாத்தான் பட்டு கிழியாமப் பிரியும். சாதாரணமா மூலையில இருக்கும். மூலையப் பாத்தேன். லேச ஒடிச்சு மடிச்சு, மடிப்பச் சாய்வா ஒரு தையல் போட்டு, அடியில உள்ள மிச்சத்த வெட்டி, படிய வச்சிருக்கே. நாலு மூலையும் ஒரே மாதிரி. ஒண்ணுல கூட சேர்ப்பு இல்ல. துணியச் சுத்திச் சுத்தித் திருப்பினேன். ஒரு கட்டடத்துல லிஃப்டு எங்க மக்கர் பண்ணுதுன்னு காதால கேட்டே கண்டுபிடிக்கிற எனக்கு, உன் நூலு எங்க தொடங்குதுன்னு தெரியல்ல.

அப்ப உன் பேச்சு ஞாபகம் வந்துச்சு. லிஃப்டு தளத்தோட மட்டமா நிக்கணும், அர விரல் தாழ்ந்து நின்னாலும் ஆளு தட்டி விழும், சரியா நின்னா ஒருத்தனும் குனிஞ்சு பாக்கமாட்டான்னு நான் ஒரு நாள் புலம்பினேன். நீ லேசத் தண்ணியில ஊறப்போட்டுக்கிட்டே சொன்னே. "இதுவும் அதேதான் இஞ்சினியரே. ஊறவைக்காம அப்படியே தைச்சா, முதல் தடவ துவைச்சு அலக்கினதும் லேசு சுருங்கும், துணி சுருங்காது. அப்புறம் கரை முழுக்கச் சுருக்கம். அப்பத்தான் எல்லாரும் இது யாரு தைச்சதுன்னு கேப்பாங்க."

கடைசியில விரல் வச்சுத் தடவித்தான் சேர்ப்பக் கண்டேன். ஒரு பக்கத்துக்கு நடுவுல, லேசுல வர்ற ஒரு இலைக்கு அடியில, ரெண்டு நுனியையும் உள்ள மடிச்சு, இலையோட நரம்பு மேலேயே தையல ஓட்டியிருக்கே. கொக்கிய அங்க கொண்டுபோனேன். நுனி நூலத் தொட்டுச்சு. கை நின்னுபோச்சு.

அழல்ல. அத எதிர்பாக்காதே. கொக்கிய மெஷின் மேல வச்சேன்.

அப்பத்தான் ஃபோன்ல அம்மாவோட மெசேஜ் வந்துச்சு. அம்மாவுக்குத் தமிழ் எழுத்து அடிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான். "மக்கா, அந்தக் கர எடுத்தாச்சா? நாளைக்கு அபி வருவா, குடுத்துவிடு." கர. கே ஏ ஆர் ஏ.

பாகி, நீ இருந்திருந்தா அந்த எடத்துலேயே விழுந்து சிரிச்சிருப்பே.

படிக்கிறவங்களுக்கும் சொல்லிடறேன். கல்யாணமான புதுசுல, மாடியில இருக்கிற ஷீலச் சேச்சி அவங்க உடுத்துற செட்டுமுண்டு ஒண்ணக் குடுத்துவிட்டு, இதே மாதிரி இங்கிலீஷ் எழுத்துல "கர மாற்றணும்"னு மெசேஜ் போட்டாங்க. மலையாளத்துல கரன்னா துணியோட ஓரம், நம்ம கரைதான். கறன்னா அழுக்கு. வாயால சொன்னா ரெண்டும் வேற வேற. இங்கிலீஷ் எழுத்துல ரெண்டும் ஒண்ணே. நீ முண்டு முழுக்கத் தேடி, ஓரத்துல ஒரு சாயாக் கறையக் கண்டுபிடிச்சு, காலையெல்லாம் உக்காந்து அத எடுத்து, நிழல்ல காயவச்சு, இஸ்திரி போட்டுக் கொண்டுகுடுத்தே. சேச்சி விரிச்சுப் பாத்துட்டு, "அய்யோ என்றெ பகவதீ, ஞான் பறஞ்சது கர! கறயல்ல!"ன்னு தலையில கைவச்சாங்க. பழைய ஜரிகைக் கசவ எடுத்துட்டு புதுக் கசவு வைக்கச் சொல்லியிருக்காங்க பாவம். "செரி சேச்சி, இப்ப கறையில்லாத பழைய கரை ஆச்சுல்லா"ன்னு நீ சொன்னே. அன்னிலேருந்து நம்ம வீட்டுல எது புரியலன்னாலும் ஒரே கேள்விதான். எந்தக் கர?

அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. அபிக்குத் தெரியும்.

மெசேஜப் பாத்துட்டே இருந்தேன். பதில் போடல்ல. கொஞ்ச நேரத்துல அபிகிட்டேருந்து வாய்ஸ் வந்துச்சு. பின்னாடி குக்கர் விசில் கேக்குது, அடுக்களையில நின்னு ரகசியமாப் பேசறா.

"அண்ணா, அம்மா மெசேஜ் போட்டாள்லா? நான்தான் பக்கத்துல இருந்து அடிச்சுக் குடுத்தேன். அம்மா லேசுன்னுதான் போடச் சொன்னா. நான் கரன்னு போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினா. மூக்க உறிஞ்சுற சத்தம். "எந்தக் கரன்னு அம்மா சொல்லல்ல அண்ணா. மைனி எந்தக் கர எடுப்பாங்களோ, நீ அத எடு, அது மதி, போதும்."

திரும்பத் திரும்பக் கேட்டேன் அத. அன்னிக்கு அவ பேசாம இருந்தது எனக்கு ஆறல்ல, இப்பவும் முழுசா ஆறல்ல. அம்மா முகத்துக்கு நேரா ஒரு வார்த்த சொல்ல அவளுக்குத் தைரியம் வரல்ல. ஆனா ஒரு எழுத்துல ஒளிஞ்சு நின்னு உனக்காகச் சண்ட போட்டுட்டா. அவளால அவ்வளவுதான் முடியும் போல. எனக்கு மட்டும் என்ன? நானும் அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லல்லியே. லேசு வாங்கிட்டுத்தானே வந்தேன்?

கொக்கிய டிராயர்ல போட்டேன். ஒரு தையல்கூட அறுக்கல்ல.

கறைய எடுக்கிறது எப்படின்னு நீ செய்யறதப் பாத்ததுதான். கொஞ்சம் ஷாம்பூவக் குளிர்ந்த தண்ணியில கலக்கி, அந்த மூலைக்கு அடியில ஒரு வெள்ளைத் துணிய மடிச்சு வச்சு, மேலேருந்து ஒத்தி ஒத்தி எடுக்கணும். தேய்க்கப்பிடாது. தேய்ச்சா பட்டு செத்துரும்னு சொல்லுவே. ஒத்த ஒத்த அந்த மண் நிறம் அடித் துணியில இறங்குச்சு. நீ நின்ன தண்ணியோட நிறம். அந்த வெள்ளைத் துணியத் தூரப் போட்டேன். கை கழுவினேன், மறுபடியும் கழுவினேன். அவ்வளவு கொஞ்சம் அழுக்குதான் பாகி. உள்ளங்கையில அடங்கும்.

நிழல்ல காயவச்சு, மேல ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டேன். கறை முழுசாப் போகல்ல. தெரிஞ்சவன் பாத்தா லேசா ஒரு நிழல் தெரியும். உன் கையா இருந்தா போயிருக்கும். ஆனா கரையில ஒரு சுருக்கம் இல்ல. அந்தத் தண்ணியில முங்கி, மறுபடி நனைஞ்சு, சூடு பட்டு, உன் லேசு அப்படியே படிஞ்சு கிடக்கு.

அம்மாவுக்குப் பதில் போட்டேன். இங்கிலீஷ் எழுத்துல. "கர எடுத்தாச்சு." அம்மா உடனே ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினா. பாவம். இல்ல, பாவம்னு சொல்லமாட்டேன். இன்னிக்குச் சொல்லமாட்டேன்.

அபி காலையில வந்தா. துணிய விரிச்சா, ஓரத்த விரலால தடவிட்டே ஒரு சுத்து போனா. "சேர்ப்பு எங்கண்ணா?"ன்னா. "தேடு"ன்னேன். அவளுக்குக் கிடைக்கல்ல. "அம்மா கண்டுபிடிச்சுட்டா என்ன செய்ய?"ன்னு கேட்டா.

"புது லேசுன்னு நினைப்பா. கடையில தைச்சதுன்னு நினைச்சு, நல்லா தைச்சிருக்கான்னும் சொல்லுவா."

அவ சிரிக்கப் பாத்தா, ஆனா அழுதா. "அது இன்னும் கஷ்டமா இருக்கு அண்ணா"ன்னா. எனக்கும் அதேதான் தோணுச்சு. உன் வேலைக்குப் பாராட்டு வரணும்னா உன் பேரு அதுல இருக்கப்பிடாது. என்ன ஒரு ஊரு, என்ன ஒரு மனுஷங்க.

ஆரியசாலையில வாங்கின லேச ஷீலச் சேச்சிகிட்ட குடுத்துட்டேன். "இது எந்தின்னா மோனே?"ன்னாங்க. "உங்க செட்டுமுண்டுக்கு. பாகி வைக்காம விட்ட கர"ன்னேன். சேச்சி வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. நூல்கண்ட மட்டும் நான் வச்சுக்கிட்டேன். அது உனக்குன்னு அண்ணாச்சி தந்தது. அவர்கிட்ட ஒரு நாள் போய்ச் சொல்லணும். எப்படின்னு தெரியல்ல.

நாளைக்குக் கல்யாணம். இது அச்சாகி வர்றப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். அம்மாவும் படிப்பா. படிக்கட்டும். தாலி ஏறினதுக்கு அப்புறம் யாரும் தட்டுத் துணியப் பிரிக்கப் போறதில்ல. ஒரு கெடுதலும் வராது, எனக்குத் தெரியும். அப்படி வந்தாலும் அது உன் நூலால வராது. ஓடையத் தூர்வாராத ஊருல யாரு வீட்டுக்கும் வரும் அது.

உனக்கு நான் ஒரு வாக்குத் தர்றேன். நாளைக்கு அந்தத் தட்ட நான்தான் தூக்கிட்டு நடப்பேன். கறை இருந்த மூலைய என் பக்கமா வச்சுப் பிடிப்பேன். மீதி மூணு மூலை ஊரப் பாத்து இருக்கும். ஒருத்தரும் குனிஞ்சு பாக்கமாட்டாங்க, ஏன்னா எல்லாம் சரியா படிஞ்சிருக்கு. நான் பாப்பேன். மேடை வரைக்கும் அத மட்டும்தான் பாப்பேன். யாராவது, எப்ப கேட்டாலும், எத்தன வருஷம் கழிச்சுக் கேட்டாலும், இது பகவதி வச்ச கரைன்னு சொல்லுவேன். இனி இங்கிலீஷ் எழுத்துல ஒளிய மாட்டேன்.

இப்படிக்கு,
நீ நனைச்சுப் பாக்காம எடுத்த சரக்கு,
உன் இஞ்சினியர், உன் வீட்டுக்காரன்.